மண்ணில்லா வெள்ளரிச் சாகுபடியில் பேசில்லஸ் சப்டிலிஸ் திரவம்: ஒரு மதிப்பீடு

பாவூர்சத்திரம் பக்கம் பசுமைக்குடில் போட்டு, தென்னைநார்த்தூள் பைகளில் வெள்ளரி வளர்க்கும் எங்களைப் போன்றவர்களுக்குச் சித்திரை, வைகாசி மாதங்களில் பெரிய அச்சம் வேரழுகல்தான். 20 டிகிரியில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும் தண்ணீர் 30 டிகிரியில் 7.5 மில்லிகிராமைத்தான் வைத்திருக்கும். ஆக்சிஜன் குறைந்து வேர் இப்படித் தளரும் நேரத்தில், வெப்பத்தில் செழிக்கும் பித்தியம் அஃபனிடெர்மாட்டம் என்ற வேரழுகல் கிருமி உள்ளே நுழைகிறது. இதைத் தடுக்க உள்ளூர் உரக்கடையில் கிடைக்கும் பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாத் திரவத்தைக் கோடைப் பயிருக்குப் பயன்படுத்தினேன். வேர்ப் பாதுகாப்புக்காக இதைத் தாராளமாக வாங்கலாம். உரச் செலவு குறையும் என்று லேபிளில் அச்சிட்டிருப்பதை நம்பி வாங்க வேண்டியதில்லை.

மணிச்சத்தை (பாஸ்பரஸை) கரைத்துக் கொடுக்கும் என்ற லேபிள் வாசகம் வயலுக்குப் பொருந்தும். மண்ணில் சுண்ணாம்போடு பிணைந்து கிடக்கும் மணிச்சத்தை விடுவிக்க அங்கே நுண்ணுயிர் தேவை. நாம் சொட்டுநீரில் விடும் உரக் கரைசலிலோ எல்லாச் சத்தும் வேர் உடனே எடுத்துக்கொள்ளும் நிலையில்தான் இருக்கிறது. ஆகவே இங்கே இந்தப் பாக்டீரியாவுக்கு உள்ள வேலை வேறு: வேரின் மேல் மெல்லிய படலமாகப் பரவி, நோய்க்கிருமிக்கு முன்பே இடத்தைப் பிடித்துக்கொள்வது, இட்டுரின், ஃபென்ஜைசின் போன்ற பொருள்களைச் சுரந்து கிருமியை ஒடுக்குவது.

பலரும் கேட்பது, நோய்க்கிருமியை ஒடுக்கும் இன்னொரு பாக்டீரியாவான, பழகிய சூடோமோனாஸ் பொடியே போதாதா என்பதுதான். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பி.எஃப்.1 வகைப் பொடியைக் கிலோ விதைக்கு 10 கிராம் கலந்து விதைநேர்த்தி செய்வது நம் பக்கத்து உழவர்களுக்குப் புதிதன்று. அதன் பயனில் எனக்கு ஐயமும் இல்லை. ஆனால் அது டால்க் பொடியில் ஏற்றப்பட்டிருப்பதால் எவ்வளவு வடிகட்டினாலும் டிரிப்பரை அடைத்துவிடும். மேலும், சூடோமோனாஸ் வித்து உண்டாக்காத உயிரி என்பதால் நம் ஊர்க் கோடையில் கடை அலமாரியிலேயே அதன் எண்ணிக்கை சரியத் தொடங்கும். பேசில்லஸ் உறைவித்தாக, அதாவது வெப்பம் தாங்கும் உறங்குநிலை வித்தாக, மாறி வெயிலைக் கடந்துவிடும். இன்னொரு நுட்பமும் உண்டு. சூடோமோனாஸ் இரும்புச்சத்தைக் கவர்ந்து கிருமியைப் பட்டினி போடும் முறை இரும்பு குறைவான மண்ணில்தான் நன்றாக நடக்கும். வேர் எளிதில் எடுத்துக்கொள்ளும் கீலேட் இரும்பை நாமே ஊற்றும் கரைசலில் அந்த ஆயுதம் பெரும்பாலும் உறையிலேயே இருக்கும்.

நாற்றுகளைக் குழித்தட்டில் இருக்கும்போதே நனைத்து, நட்ட பிறகு சீரான இடைவெளியில் சொட்டுநீர் வழியாகவும் கொடுத்து, ஒரு வரிசையை மட்டும் ஒப்பிடுவதற்காக மருந்து விடாமல் வைத்திருந்தேன். அக்கினி நட்சத்திர நாட்களில் அந்த வரிசையில் மதிய வாட்டமும் செடிச் சாவும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் கூடுதலாக இருந்தன. மருந்து விட்ட பைகளை அறுத்துப் பார்த்தபோது வேர் வெள்ளையாகவும் பக்கவேர் நெருக்கமாகவும் இருந்தது. தப்பிப் பிழைத்த செடிகளின் காய் எடையில் மட்டும் பேசத்தக்க வேறுபாடு இல்லை. ஏற்கெனவே அழுகத் தொடங்கிய செடியை இது மீட்கவும் இல்லை.

கடைக்காரர் அண்ணாச்சி, கருப்பட்டியைக் கரைத்து ஊற்றினால் நுண்ணுயிர் பெருகும் என்று அன்போடு சொல்லி அனுப்பினார். தோட்டத்தில் ஊற்றும் கரைசலுக்கு அது சரிதான். சொட்டுநீர்க் குழாயில் இனிப்பு போனால் வேண்டாத நுண்ணுயிர்களும் சேர்ந்து பெருகி, குழாயில் வழுவழுப்பான படலம் கட்டும், தண்ணீரில் உள்ள கொஞ்சநஞ்ச ஆக்சிஜனும் தீரும். அதேபோல் குழாய் கழுவ ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டவர்கள் அது முழுதும் வெளியேறிய பின்னரே இதைக் கொடுக்க வேண்டும். காப்பர் மருந்தோடு சேர்த்துக் கலக்கவே கூடாது. கரைசலின் கார அமிலநிலையை (pH) 5.5 முதல் 6.5 வரை வைத்திருப்பதற்கும், தொட்டியை நிழலில் வைப்பதற்கும் இந்தப் புட்டி மாற்றாகாது.

குறை சொல்ல வேண்டியது லேபிளைப் பற்றித்தான். ஒரு மில்லியில் எத்தனை உயிரணுக்கள் என்ற எண்ணிக்கை இருக்கிறது, தயாரிப்புத் தேதியும் இருக்கிறது. எந்த இரகம் என்ற குறிப்பு மட்டும் இல்லை. ஒரே பெயருள்ள பாக்டீரியாவிலும் இரகத்துக்கு இரகம் நோயெதிர்ப்புத் திறன் மாறும் என்பதால், அடுத்த தொகுப்பும் இதே பலனைத் தரும் என்று உறுதி கூற இயலவில்லை. கால் லிட்டர் அளவில் கிடைக்காததும் சிறு குடில்காரர்களுக்கு இடைஞ்சல். திறந்த புட்டி மூடியருகே உப்பிப் புளித்த நாற்றம் வீசினால் அதைக் குழாயில் விடாமல் தென்னை மூட்டில் ஊற்றிவிடுங்கள்.