வெனீர் ஸ்பீக்கர் பெட்டிகள்: செட்டிநாட்டு வீட்டில் பல வருடப் பராமரிப்பு அனுபவம்

வெனீர், அதாவது பலகை மேல் ஒட்டும் மெல்லிய மரத்தோல், போட்ட ஸ்பீக்கர் வாங்குபவர்கள் முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது, வெளியே தெரியும் அந்த அழகான மரம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது என்பதுதான். உள்ளே இருப்பது எம்டிஎஃப், மரநாரைப் பசையோடு சேர்த்து அழுத்திய பலகை. எங்கள் பக்கம் பர்மாத் தேக்குத் தூணையும் கதவையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, மரம் என்றால் எண்ணெய் தடவலாம், தண்ணீர் விட்டுத் துடைக்கலாம், கீறல் விழுந்தால் இழைத்துவிடலாம் என்ற நினைப்பு ஊறிப்போயிருக்கும். வெனீரை இழைத்தால் மேல்தோல் போய் பழுப்புப் பலகைதான் தெரியும்.

என்னிடம் இரண்டு ஜோடி இருக்கின்றன. ஒன்று காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடையில் வாங்கிய வால்நட் ஜோடி, எண்ணெய் ஊட்டிய மரம். இன்னொன்று புதிது, மேலே லேக்கர், அதாவது வார்னிஷ் மாதிரி கெட்டியான பூச்சு, அடித்தது. ஒரே கூடத்தில்தான் நிற்கின்றன, ஆனால் ஒன்றுக்குச் செய்வதை இன்னொன்றுக்குச் செய்யக்கூடாது. அதனால் துணியைக் கையில் எடுப்பதற்கு முன்னால் உங்களுடையது எந்த வகை என்று பாருங்கள். கண்ணில் படாத ஓர் இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். முத்து மாதிரி நின்றால் லேக்கர், மெல்ல உள்ளே இறங்கி மரம் கறுத்தால் எண்ணெய்ப் பூச்சு, பார்த்ததும் துடைத்துவிடுங்கள். ரேகை ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வந்து, ஓரத்தில் பிளாஸ்டிக் தாள் போல மடிந்திருந்தால் அது வினைல், அதற்கு எந்த எண்ணெயும் வேண்டாம், ஈரத்துணியே போதும்.

இங்கே தினசரித் தொல்லை செம்மண் தூசி. அதில் மணல் இருக்கிறது, காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் லேக்கரில் மெல்லிய கீறல்கள் விழும், சாயங்கால வெயில் சாய்வாகப் படும்போது அவை பளிச்சென்று தெரியும். நான் முதலில் மென்மையான பெயிண்ட் பிரஷ்ஷால் மேலிருந்து கீழே தட்டிவிடுகிறேன், அப்புறம்தான் மைக்ரோஃபைபர் துணி, அதுவும் மர ரேகை ஓடும் திசையிலேயே. விரல் ரேகை, எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் துணியை நனைத்து ஒட்டப் பிழிந்துவிட்டு ஒரு தடவை, உடனே காய்ந்த துணியால் இன்னொரு தடவை. கண்ணாடி துடைக்கும் திரவமும் ஸ்பிரிட்டும் கிட்டவே வரக்கூடாது. ட்வீட்டர், அதாவது கீச்சுக் குரல் ஒலியைத் தரும் சின்ன ஸ்பீக்கர், அதன் மேல் பிரஷ்கூடப் படக்கூடாது, தூசி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

எம்டிஎஃப் தண்ணீரைக் குடித்தால் உப்பும், உப்பினது பழைய நிலைக்குத் திரும்பாது. ஆத்தங்குடி கல் பதித்த தரையைத் துடைக்கும்போது மாப் வந்து பெட்டியின் அடிவிளிம்பில் மோதுகிறதே, அந்த ஈரம்தான் வெனீர் கிளம்புவதற்கு முதல் காரணம். தரையில் நேராக வைக்காதீர்கள், ஸ்டாண்டு வாங்குங்கள், செலவு செய்யலாம், தப்பே இல்லை. ஐப்பசி கார்த்திகையில் முற்றத்துச் சாரல் எவ்வளவு தூரம் வரும் என்று பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுங்கள். சுவரை ஒட்டியும் வைக்க வேண்டாம், கரையானுக்கு எம்டிஎஃப் என்றால் வேண்டாம் என்று இல்லை.

எங்கள் அப்பத்தா தரைக்குத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துப் பளபளப்பாக்குபவர். "ஏம்ப்பா, இந்தப் பெட்டிக்கும் ரெண்டு சொட்டு போடேன், மரம் காஞ்சு கெடக்கு" என்றார். மரம் காய்ந்திருக்கிறது என்று சொன்னது சரி, ஆனால் தேங்காய் எண்ணெய் மரத்தில் காய்ந்து கெட்டியாகாது, மேலேயே பிசுபிசுவென்று நின்று தூசியைப் பிடிக்கும், நாளானால் சிக்கு வாடையும் வரும். எண்ணெய்ப் பூச்சு வெனீருக்குக் காற்றுப் பட்டுக் கெட்டியாகும் எண்ணெய் வேண்டும். பெயிண்ட் கடையில் டபுள் பாயில்டு லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) என்று கேட்டால் கொடுப்பார்கள்.

வால்நட் ஜோடிக்கு வருடத்துக்கு ஒருமுறை அதைப் பூசுகிறேன். துணியில் கொஞ்சமாகத் தொட்டு ரேகையோடு தேய்த்தால், சாம்பல் பூத்துக் கிடந்த இடம் கண்ணெதிரே கருஞ்சிவப்பாகத் திரும்பி, மரத்தின் சுழிகள் ஒவ்வொன்றாக மேலே வருவதைப் பார்க்க வேண்டும், அவ்வளவு அழகு. அரை மணி நேரம் விட்டு, மிச்ச எண்ணெய் முழுவதையும் துடைத்து எடுத்துவிட வேண்டும், விட்டால் ஒட்டும். வூஃபர், அதாவது அடித்தொனி தரும் பெரிய ஸ்பீக்கர், அதன் விளிம்பு ரப்பரில் எண்ணெய் படக்கூடாது. இன்னொன்று மிக முக்கியம்: அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். லின்சீட் ஆயில் காயும்போது சூடு பிறக்கும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கக்கூடியது. வெளியே விரித்துப் போட்டு முழுக்கக் காய்ந்ததும் எறியுங்கள்.

லேக்கர் ஜோடிக்கு இது எதுவும் தேவையில்லை. சிலிகான் கலந்த ஃபர்னிச்சர் ஸ்ப்ரேயை நான் எதற்குமே பயன்படுத்துவதில்லை, பின்னாளில் மறுபடி பாலிஷ் போட வேண்டி வந்தால் பூச்சு ஒட்டாமல் குழி குழியாக விலகும்.

வெயிலில் வால்நட் வெளுக்கும், செர்ரி கறுக்கும். முன்பக்க வலையை எப்போதும் மாட்டியே வைத்தால் அதன் அச்சு மரத்தில் நின்றுவிடும், அவ்வப்போது கழற்றி வையுங்கள்.

மூலை லேசாகக் கிளம்பியிருந்தால் தள்ளிப்போடாதீர்கள். மரப்பசையை ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து உள்ளே விட்டு, வழிந்ததை ஈரத்துணியால் எடுத்து, மேலே மெழுகுத்தாள் வைத்துப் பலகையோடு கிளாம்ப் போட்டு ஒருநாள் விட்டால் பிடித்துக்கொள்ளும். பெரிய அளவில் உரிந்திருந்தால் ஆசாரியிடம் கொடுக்கலாம், ஆனால் ஸ்பீக்கர்களைக் கழற்றிவிட்டு வெறும் பெட்டியை மட்டும் கொடுங்கள். அவர் ஸ்டீல் கம்பளியால் தேய்த்தால் உதிரும் இரும்புத் துகள் ஸ்பீக்கர் காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும், அதை எடுப்பது பெரும்பாடு.