செஸ்னா 206: பழைய கான்டினென்டலா, புதிய லைகமிங்கா?

செஸ்னா 206 இரண்டு பிறவி எடுத்த சின்ன ஒற்றை எஞ்சின் விமானம். 1986இல் உற்பத்தி நிற்கும்வரை அதன் மூக்கில் இருந்தது கான்டினென்டல் நிறுவனத்தின் 520 வரிசை எஞ்சின். 1998இல் திரும்பி வந்தபோது லைகமிங் நிறுவனத்தின் ஐஓ-540. இரண்டிலும் ஆறு சிலிண்டர், இரண்டும் காற்றால் குளிர்பவை. பழையதில் பரவலாக வந்த ஐஓ-520-எஃப்புக்கும் புதியதற்கும் திறன்கூட ஒன்றுதான், 300 குதிரைத்திறன். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு அங்கே 1.42 லிட்டர், இங்கே 1.48. எதை வாங்கலாம் என்று கேட்டால் பலரும் விலையைப் பேசுவார்கள். நான் எக்ஸாஸ்ட் வால்வை, அதாவது எரிந்த புகையை வெளியே விடும் வால்வை, பார்க்கச் சொல்வேன்.

சிலிண்டரின் கட்டுமானத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. பிஸ்டன் ஓடும் எஃகுக் குழலான பேரல், மேலே அலுமினிய மூடியான ஹெட். ஹெட்டைச் சூடாக்கிப் பேரலில் திருகி ஏற்றுவார்கள், ஆறியதும் கவ்விக்கொள்ளும். ஹெட் பக்கம்தான் அதிகம் சூடாகி விரியும் என்பதால் பேரலின் மேல்முனையை இம்மியளவு குறுகலாகவே கடைந்திருப்பார்கள். ஓடிச் சூடேறினால் துளை நேராகிவிடும்.

வித்தியாசம் வால்வில் தொடங்குகிறது. எக்ஸாஸ்ட் வால்வின் சூடு வெளியேற இரண்டு வழி: மூடியிருக்கும்போது விளிம்பிலிருந்து அது படியும் வளையமான சீட்டுக்கு, அல்லது தண்டு வழியாக அதைச் சுற்றியிருக்கும் குழலான கைடுக்கு. கான்டினென்டலில் தண்டு உள்ளே பொள்ளல் இல்லாத கெட்டி. பெரும்பகுதிச் சூடு சீட் வழியாகத்தான் போயாக வேண்டும். விளிம்பு ஓரிடத்தில் சரியாகப் படியவில்லையென்றால் அந்த இடம் வேகத் தொடங்கும். போரோஸ்கோப்பை, அதாவது குழல் கேமராவை, உள்ளே விட்டால் தெரியும். நல்ல வால்வில் நடுவே செம்பழுப்பு, சுற்றிலும் ஒரே அகல வளையங்கள். கெட்டுக்கொண்டிருப்பதில் ஒரு பக்க விளிம்பு மட்டும் நிறம் மாறியிருக்கும், ஓரம் கருகிய அப்பளம் மாதிரி.

லைகமிங்கில் தண்டு உள்ளே பொள்ளல், அதில் சோடியம். 98 டிகிரி செல்சியஸில் அது உருகி, வால்வு ஏறி இறங்கும்போது குலுங்கிக் குலுங்கிச் சூட்டைத் தண்டுக்குக் கடத்துகிறது. விளிம்பு தப்பித்தது, கைடு மாட்டிக்கொண்டது. அங்கே எண்ணெய் கருகிப் படிந்து தண்டை இறுக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் கொஞ்ச நேரம் உதறும், சூடானதும் ஒன்றும் நடக்காததுபோல ஓடும். ஆங்கிலத்தில் மெக்கானிக்குகள் இதை 'மார்னிங் சிக்னஸ்', அதாவது மசக்கை என்றே சொல்கிறார்கள்! சிரித்துவிட்டு விட்டுவிட்டால் ஒருநாள் வால்வு அப்படியே சிக்கி, அதைத் திறக்கத் தள்ளும் கம்பியான புஷ்ராடு வளையும்.

ஆனால் முன்கூட்டிப் பிடித்துவிட்டால் லைகமிங் வைத்தியம் எளிது. ஸ்பார்க் பிளக் துளை வழியே நைலான் கயிற்றைத் திணித்து, புரொப்பெல்லரைக் கையால் சுற்றினால் பிஸ்டன் கயிற்றை அழுத்தி வால்வைத் தாங்கிக்கொள்ளும். ஸ்பிரிங்கைக் கழற்றி, கயிற்றை எடுத்து, வால்வைச் சிலிண்டருக்குள் இறக்கி, கைடைச் சுத்தம் செய்து, தண்டை மறுபடி மீன் பிடிப்பதுபோல இழுத்துக்கொள்ளலாம். சிலிண்டர் இருந்த இடத்திலேயே இருக்கும். விளிம்பு நன்றாகக் கருகிப்போன கான்டினென்டலில் இந்தச் சலுகை இல்லை. சிலிண்டரைக் கழற்றியே ஆக வேண்டும். அதைப் பிடித்திருக்கும் நீள போல்ட்டுகளில் சில, எஞ்சினின் முதன்மைத் தண்டைத் தாங்கும் கிராங்க் பேரிங்குகளையும் சேர்த்து இறுக்குபவை, அதனால் அது சின்ன வேலையும் அல்ல.

கம்ப்ரஷன் சோதனையிலும் இரண்டுக்கும் அளவுகோல் வேறு. சிலிண்டருக்குள் 80 பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்றைக் கொடுத்து எவ்வளவு அழுத்தம் நிற்கிறது என்று பார்ப்பார்கள். லைகமிங்கில் 60க்குக் கீழே போனால் கழற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். கான்டினென்டலில் 50 காட்டினாலும் பதற வேண்டாம். முதலில் காதைக் கொடுங்கள். எண்ணெய் ஊற்றும் வாயில் 'உஸ்' என்றால் கசிவது பிஸ்டன் ரிங் வழியே, பெரும்பாலும் ஓட்டலாம். எக்ஸாஸ்ட் குழாயில் என்றால் போரோஸ்கோப்பை எடுங்கள்.

என் ஓட்டு லைகமிங்குக்கு, அதுவும் பட்டறை தொலைவில் இருக்கும் இடங்களுக்கு. போரோஸ்கோப்பும் ஒவ்வொரு சிலிண்டரின் வெப்பத்தையும் காட்டும் மானிட்டரும் இருந்தால் பழையதையும் தயங்காமல் வாங்கலாம். ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: மானிட்டரில் ஒன்றாம் எண் சூடேறினால், லைகமிங்கில் அது வலப்பக்கம் முன்னால் இருப்பது, கான்டினென்டலில் வலப்பக்கம் கடைசியில் இருப்பது.