நிசின் தூள்: சாசேஜுக்குச் சரி, பச்சைக் கோழிக்கு வீண்செலவு

பெங்களூரு சிவாஜிநகரில் பச்சைக் கோழி வெட்டி விற்பவரும், கம்மனஹள்ளியில் சாசேஜ் போடுபவரும் ஒரே நிசின் டப்பாவை வாங்கினாலும் பலன் ஒன்றாக இருக்காது.

நிசின் என்பது உணவு கெடாமல் காக்கச் சேர்க்கும் பொருள், லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் பாக்டீரியா வெளிவிடும் சிறு புரதம். பாலைப் புளிக்கவைக்கும் கூட்டத்தைச் சேர்ந்ததுதான் அந்த பாக்டீரியா. லேபிளில் இ 234 என்ற உணவுச் சேர்பொருள் எண் இருக்கும். வழக்கமாகக் கிடைக்கும் தூளில் நிசின் 2.5 சதவீதம்தான், மீதி பெரும்பாலும் உப்பும் பால் திடப்பொருளும். ஆகவே உங்கள் பாக்கெட்டில் ‘பால்’ என்ற ஒவ்வாமைக் குறிப்பு அவசியம். மில்லிகிராமுக்கு 1000 ஐ.யூ. (வீரியத்தை அளக்கும் சர்வதேச அலகு) என்று எழுதாத டப்பாவைத் தொட வேண்டாம்.

கிலோ கறிக்கலவைக்கு அரை கிராம் தூள் போட்டால் 12.5 மில்லிகிராம் நிசின் சேரும். 10 கிலோவுக்கு 5 கிராம். கடைத் தராசில் இது நிற்காது, 0.1 கிராம் காட்டும் தராசு வேண்டும். கரைக்கும் தண்ணீரில்தான் பலர் சறுக்குகிறார்கள். போர்வெல் தண்ணீரின் காரத்தன்மையில் தூள் சரியாகக் கரையாது. அடியில் வெள்ளையாகத் தங்கும். 200 மில்லி ஆர்.ஓ. தண்ணீரில் சிட்டிகை சிட்ரிக் அமிலம் போட்டு, பி.எச். (அமிலத்தன்மை அளவு) 3 பக்கம் கொண்டுவந்து கரைக்கவும். அரைத்த கறியில் முதலில் இந்தக் கரைசல், கொழுப்பு அப்புறம். வரிசை மாறினால் கொழுப்பு நிசினைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மிச்சக் கரைசலை மறுநாளுக்கு வைக்காதீர்கள்.

வேகவைத்தும் சாகாத கிளாஸ்ட்ரிடியம் பாக்டீரியாவின் வித்துகள், ஃபிரிட்ஜில் 4 டிகிரியிலும் பெருகும் லிஸ்டீரியா என்ற நோய்க்கிருமி, இரண்டையும் நிசின் நன்றாக அடக்குகிறது. அதற்காக ஐஸையும் சுத்தத்தையும் குறைத்துவிடக் கூடாது.

பச்சைக் கறிக்கு வருவோம். ஒரு டப்பாவில் ‘சால்மொனெல்லாவை ஒழிக்கும்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. சுத்தப் புளுகு. சால்மொனெல்லா, கேம்பிலோபாக்டர் ஆகிய நோய்க்கிருமிகள் இரண்டும் கிராம் நெகட்டிவ், அதாவது வெளியே கூடுதலாக ஒரு சவ்வு உள்ள வகை. அந்த வெளிச்சவ்வு தடுப்பதால் நிசின் தனியாக உள்ளே போக முடியாது. போதாததற்கு, பச்சைக் கறியில் இயல்பாக உள்ள குளுடாதயோன் என்ற சேர்மம் நிசினோடு சேர்ந்து அதை முடக்கிவிடும். வெந்த கறியில் அந்தத் தொல்லை குறைவு. சாசேஜுக்கு 5க்கு 4 கொடுக்கலாம். பச்சைக் கறிக்கு 1, அதுவும் உள்ளே இருக்கும் உப்புக்காக. அந்தக் காசில் வெட்டுக்கட்டையை மாற்றலாம்.

மூடி சரியாக இறுகாததுதான் மிச்சமிருக்கும் குறை. மழைக்காலத்தில் ஈரம் இழுத்துத் தூள் கட்டிதட்டுகிறது. வாங்கியதும் சிறு காற்றுப்புகாத டப்பாக்களில் பிரித்துப் போட்டுவிடுங்கள்.