விற்மன் நீல மட்டை: அமெரிக்க மாநிலக் குவாட்டர் சேர்க்கத் தொடங்குவோருக்கு

அமெரிக்க நாணயம் சேர்க்க ஆசைப்படும் பிள்ளைக்கு முதலில் எதை வாங்கலாம் என்று கேட்டால், எங்கள் பதில் விற்மன் நிறுவனத்தின் இந்த நீல மடிப்பு மட்டைதான். 1999 முதல் 2008 வரை, ஆண்டுக்கு ஐந்தாக, 50 மாநிலங்களுக்கும் வெளிவந்த 25 சதக் குற்றிகளை (குவாட்டர்) பதித்து வைக்கும் தடித்த மட்டை இது. மாநிலங்கள் ஒன்றியத்தில் சேர்ந்த ஒழுங்கிலேயே குழிகள் இருக்கின்றன: டெலவெயர் முதல், ஹவாய் கடைசி. வெறுங்குழியைப் பார்த்தவுடனேயே அடுத்து எதைத் தேடவேண்டும் என்று பிள்ளைக்கு விளங்கிவிடும்.

வாங்கமுன் பதிப்பைப் பாருங்கள். மாநிலத்துக்கு ஒரு குழி என்ற 50 குழி மட்டையே தொடக்கத்துக்குப் போதும். பிலடெல்பியா, டென்வர் என்ற இரு நாணயசாலைகளில் அச்சான குற்றிகளுக்குத் தனித்தனிக் குழி உள்ள பதிப்புகளும் உண்டு. 2009இல் தலைநகருக்கும் ஆட்சிப்புலங்களுக்குமாக வந்த ஆறையும் சேர்த்தால் அந்தத் தொகுதி 112 குற்றிகளாகிவிடும். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு அதை நிரப்பப் பொறுமை வேண்டும். நாணயசாலைக் குறி, முன்பக்கத்தில் உள்ள வாஷிங்டன் தலையின் பின்னலுக்குப் பின்னால், 'IN GOD WE TRUST' என்ற வாசகத்துக்குக் கீழே, 'பி' அல்லது 'டி' என்று சிறியதாக இருக்கும். மறுபக்கத்தில் இரண்டு ஆண்டுகள் உண்டு. புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். டெலவெயரில் மேலே உள்ள 1787 அந்த மாநிலம் ஒன்றியத்தில் சேர்ந்த ஆண்டு. கீழே உள்ள 1999தான் அச்சிட்ட ஆண்டு. 1787ஆம் ஆண்டுக் காசு என்று எவராவது விலை சொன்னால் வாங்கவேண்டாம். பாவனையில் தேய்ந்த மாநிலக் குவாட்டருக்கு 25 சதமே பெறுமதி. விதிவிலக்குகள் மிகச் சில: 2004 விஸ்கொன்சினில், டென்வர் குறியோடு, சோளப்பொத்தியின் இடப்பக்கம் ஒரு இலை கூடுதலாக இருந்தால் அதை மட்டையில் பதிக்காமல் தனியே எடுத்து வையுங்கள்.

யாழ்ப்பாணத்து வீடுகளில் வெளிநாட்டுச் சில்லறை என்று கிடப்பதில் பாதிக்கு மேல் கனடாக் காசாகத்தான் இருக்கும். அமெரிக்கக் குவாட்டர் 24.26 மில்லிமீற்றர் விட்டம், கனடாவினது 23.88. கனடாக் குற்றி குழியில் இறுகாமல் ஆடி விழுந்துவிடும். காந்தம் பிடித்தும் பிரிக்கலாம்: 1968க்குப் பிந்திய கனடாக் குவாட்டர்களில் பெரும்பாலானவை ஒட்டும், அமெரிக்கக் குவாட்டர் ஒட்டாது.

பதிக்கும்போது மெல்லிய பருத்தித் துணியைக் குற்றியின் மேல் போட்டு, ஒரு ஓரத்தை முதலில் குழிக்குள் சரித்து, மறு ஓரத்தைப் பெருவிரலால் அமத்தவேண்டும். நடுவில் அமத்தினால் முகத்தில் கைரேகை விழும். அந்த வியர்வை உப்பு சில மாதங்களில் பழுப்புக் கறையாகிவிடும். பதிக்கமுன் கழுவவேண்டுமென்றால் தண்ணீரும் மென்மையான சவர்க்காரமும் போதும். பிறகு ஒற்றித் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் பதியுங்கள். குத்துவிளக்கு மினுக்குகிற புளியும் சாம்பலும் நாணயத்தின் பக்கமே வரக்கூடாது. உரஞ்சிய மேற்பரப்பு திரும்பி வராது. சேகரிப்பாளர் எவரும் அதை நல்ல விலைக்கு எடுக்கவும் மாட்டார்.

மட்டையின் பெரிய குறை, முன்பக்கம் திறந்திருப்பது. கடற்காற்று அடிக்கும் ஊருக்கு இது சிறு குறை அல்ல. மாரியில் மட்டை ஈரத்தை உறிஞ்சும், குழிகள் உப்பி இறுகும், குற்றியின் விளிம்பு கறுக்கும். கறையானுக்கும் காகிதம் பிடிக்கும். இறுக்கமாக மூடும் பெட்டிக்குள், நிறம் மாறும் சிலிக்கா ஜெல் பொதியோடு வைத்து, நிறம் மாறியதும் பொதியை மாற்றுங்கள். இன்னொரு குறை, ஒரு பக்கத்தை மட்டுமே பார்க்கமுடிவது. மாநிலக் குவாட்டரின் அழகு முழுவதும் மறுபக்கத்திலேயே இருப்பதால் இந்தத் தொடருக்கு அது பெரிதாகத் தெரியாது.

வெள்ளிக் குற்றியை இதில் பதிக்கவே கூடாது. 1964 வரை அச்சான குவாட்டர் 90 வீதம் வெள்ளி, 6.25 கிராம், அதற்குப் பிந்திய சாதாரணப் புழக்கக் குவாட்டர்கள் 5.67 கிராம், அவற்றின் விளிம்பில் செப்புக் கோடு தெரியும். சான் பிரான்சிஸ்கோவின் 'எஸ்' குறியுள்ள, கண்ணாடிபோல் மினுங்கும் குற்றிகளுக்கும் மட்டை ஆகாது. இவற்றை மைலார் (தெளிவான பொலியெஸ்ரர் தாள்) சாளரம் உள்ள சதுர அட்டை உறைகளில் போடுங்கள். உறையை மூடி ஸ்ரேப்ளர் அடித்ததும் கம்பியின் நுனிகளைக் குறட்டால் தட்டையாக்க மறக்கவேண்டாம், இல்லாவிட்டால் அடுத்த குற்றியைக் கீறிவிடும். கடுமையாக மணக்கும், வளைந்து கொடுக்கும் பிளாஸ்ரிக் உறைகளில் பிவிசி இருக்கும். அது குற்றியில் பிசுபிசுத்த பச்சைப் படிவை விடும். தூய அசிற்றோனைக் கண்ணாடிக் கிண்ணத்தில் விட்டு, உரஞ்சாமல் ஊறவைத்தால் படிவு இளகும். அடுப்பு எரியும் இடத்தில் இதைச் செய்யவேண்டாம். நகப்பூச்சு அகற்றியில் எண்ணெயும் வாசனையும் கலந்திருப்பதால் அது உதவாது.

மட்டை நிரம்பியதும் பெரிய வெள்ளி டொலர்களில் ஆசை வரும். அவற்றில் ஒன்றான பழைய மோர்கன் டொலர் என்றால் 26.73 கிராம், 38.1 மில்லிமீற்றர், காந்தத்தில் ஒட்டாது. போலிகள் நிறைய உலாவுவதால், காசைக் கொடுக்கமுன் கஸ்தூரியார் வீதி நகைக்கடை ஒன்றில் கேட்டு, தராசில் நிறுத்துப் பாருங்கள்.