இண்டிகேட்டருக்கு எல்.இ.டி.: ரெசிஸ்டரா, ரிலேயா, பழைய பல்பே போதுமா?

குமரி மாவட்டத்தில் கார் ஓட்டுகிறவருக்கு ஹாரனைவிட இண்டிகேட்டர்தான் முக்கியம் என்பது என் கட்சி. ரோடு குறுகல், இரண்டு பக்கமும் மதில், நாலு வீட்டுக்கு ஒரு சந்து. தக்கலையிலோ திங்கள்சந்தையிலோ நீங்கள் வலது பக்கம் ஒடிக்கப் போவது, பின்னால் ஏறி வரும் பைக்காரருக்கு ஒரு நொடி முன்னால் தெரிந்தாக வேண்டும். அதனால் இண்டிகேட்டரை எல்.இ.டி.க்கு மாற்றலாமா என்று யாராவது கேட்டால், பார்க்க எடுப்பாக இருக்குமா என்ற பேச்சுக்கே நான் போவதில்லை. பக்கத்தில் வருகிறவருக்குத் தெரியுமா? இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் எல்லா வழிகளையும் இங்கே அலசுகிறேன்.

முதலில் பழைய இழை பல்பு. பெரும்பாலான கார்களில் முன்னும் பின்னும் 21 வாட், பக்கவாட்டில் 5 வாட். ஒரு பக்கத்துக்கு மொத்தம் 47 வாட், 12 வோல்ட்டில் கிட்டத்தட்ட 4 ஆம்பியர். இந்த 4 ஆம்பியரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எல்.இ.டி. போட்ட பிறகு வரும் தொல்லைகளில் முக்கால்வாசி அதிலிருந்துதான் கிளம்புகிறது.

வெளிச்சம் மங்கிப்போச்சு என்று சொல்லி எல்.இ.டி. தேடுகிறவர்களின் வண்டியில் பல நேரம் பல்பு மேல் குற்றமே இருக்காது. குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி என்று கடலோரமாக நிற்கும் வண்டியின் பின்லைட்டைக் கழற்றிப் பாருங்கள். ஹோல்டரின் பித்தளைத் தகட்டில் பச்சை பூத்திருக்கும். எர்த்து வயர் பாடியோடு சேரும் திருகைத் தொட்டால் துருப்பொடி விரலில் ஒட்டும். எல்லாம் உப்புக்காற்று செய்கிற வேலை. அந்த இணைப்பில் 1 ஓம் தடை ஏறினாலே 21 வாட் பல்புக்குப் போக வேண்டியதில் ஒன்றரை வோல்ட் வழியிலேயே போய்விடும். இழை பல்பின் வெளிச்சம் வோல்ட்டேஜுக்கு ஏற்ற அளவில் குறையாது, அதைவிடச் சரேலென்று விழும். அந்த ஒன்றரை வோல்ட் போனால் வெளிச்சத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போச்சு.

இன்னொன்று, பல்பின் ஆரஞ்சுப் பூச்சு. கண்ணாடி வெள்ளையாக இருக்கும் லைட்டுகளில் பல்புக்குத்தான் ஆரஞ்சு நிறம் பூசியிருப்பார்கள். வருஷக்கணக்கில் சூடேறி அந்தப் பூச்சு செதில் செதிலாக உரியும், இண்டிகேட்டர் பாதி வெள்ளையாக மின்னும். சாயங்காலம் நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம் பக்கமாகப் போகும் வண்டியின் முன்லைட்டில் மேற்கு வெயில் நேராக விழும். எதிரே வருகிறவருக்கு அந்தப் பளபளப்புக்குள் வெளிறிய இண்டிகேட்டர் தெரியவே தெரியாது.

உப்புத்தாள் வைத்துத் தகட்டைத் தேய்த்து, எர்த்துத் திருகை மாற்றி, லேசாக வாஸ்லின் தடவி, நல்ல கம்பெனி பல்பு புதிதாகப் போட்டால் பாதிப் பேருக்கு அதற்கப்புறம் எல்.இ.டி. எண்ணமே வராது. செலவும் இருக்கிற வழிகளிலேயே குறைவு. ரிஃப்ளெக்டரும் அந்த இழை இருக்கும் இடத்தைக் கணக்கிட்டுச் செய்யப்பட்டதுதான், அதனால் வெளிச்சம் போக வேண்டிய திசைக்கெல்லாம் போகும்.

சரி, அப்படியானால் எல்.இ.டி.யில் நன்மையே இல்லையா? இருக்கிறது. இழை சூடேறி முழு வெளிச்சத்துக்கு வர ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் பிடிக்கும். எல்.இ.டி. சுவிட்ச் போட்ட கணமே எரியும். மணிக்கு 80 கிலோமீட்டரில் பின்னால் வருகிறவர் அந்த நேரத்துக்குள் நாலு மீட்டருக்கு மேல் வந்திருப்பார். எல்.இ.டி. எடுக்கும் கரண்ட் குறைவு என்பதால், முன்பு சொன்ன துருப்பிடித்த எர்த்தும் அதை அவ்வளவு பாதிக்காது. கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இது உண்மையான லாபம்.

எனக்குப் பெரிதாகப் படுவது ஹசார்ட், அதாவது நாலு இண்டிகேட்டரும் ஒன்றாக மின்னுகிற விஷயம். ஆரல்வாய்மொழி கணவாயில் ராத்திரி வண்டி நின்றுபோனால், காற்று முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றுகிற வேகத்தில் அடிக்கும்போது முக்கோணப் பலகை ரோட்டில் நிற்காது. நாலு இண்டிகேட்டர்தான் துணை. இழை பல்புகளில் ஹசார்ட் எரியும் கணத்தில் 94 வாட், மின்னி அணைவதால் சராசரியாக அதில் பாதி, அதாவது 4 ஆம்பியர். 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி புதிதாக இருந்தாலும் ராத்திரி முழுக்கத் தாங்காது. எல்.இ.டி.யில் இந்தக் கவலை இல்லை.

ஆனால் எல்.இ.டி. பல்பு எல்லாத் திசைக்கும் ஒரே மாதிரி வெளிச்சம் தராது. அதில் வெளிச்சம் தரும் சிப்புகள் எந்தப் பக்கம் பார்க்கின்றனவோ அந்தப் பக்கம் கண்ணைப் பறிக்கும், ரிஃப்ளெக்டருக்குப் போக வேண்டியது போகாது. நேர் பின்னால் நின்று பார்த்தால் அமர்க்களமாக இருக்கும் பல்பு, ஓரமாக வரும் ஸ்கூட்டர்காரருக்கு மங்கலாகத் தெரிவது இதனால்தான். ஐக்கிய நாடுகள் வாகன விதிகளில் இண்டிகேட்டர் வெளிப்பக்கமாக 80 டிகிரி வரை தெரிய வேண்டும் என்று வைத்திருப்பது இப்படி ஓரத்தில் வருகிறவர்களுக்காகத்தான். வாங்குவதானால் சுற்றிலும் சிப்பு உள்ளதாக, ஆரஞ்சு நிறத்திலேயே வாங்குங்கள். வெள்ளை எல்.இ.டி.யை ஆரஞ்சுக் கண்ணாடிக்குள் போட்டால் கண்ணாடி பாதி வெளிச்சத்தைத் தின்றுவிடும். வெள்ளைக் கண்ணாடிக்குள் போட்டால் வெள்ளையாக மின்னும், அது சட்டப்படியே தப்பு. 1989 மத்திய மோட்டார் வாகன விதிகள் இண்டிகேட்டருக்கு ஆரஞ்சு நிறத்தையும், நிமிடத்துக்கு 60 முதல் 120 வரையான துடிப்பையும் நிர்ணயித்திருக்கின்றன.

அந்தத் துடிப்பில்தான் சிக்கல். பல வண்டிகளில் துடிக்க வைப்பது ஃபிளாஷர் என்ற சின்ன ரிலே, அதாவது கரண்டை விட்டு விட்டு அனுப்பும் சுவிட்ச். பல்பை மாற்றிய மறுநாளே எலக்ட்ரீஷியனிடம் வந்து நிற்பார்கள்.

"அண்ணே, எல்.இ.டி. போட்ட பொறவு இண்டிகேட்டர் படபடன்னு துடிக்குது."

"மக்கா, ஃபிளாஷருக்குக் கரண்ட் குறைவாப் போகுதுல்லா? பல்பு ஃபியூஸ் ஆயிட்டுன்னு அது நெனைக்கும்."

விஷயம் அவ்வளவுதான். 4 ஆம்பியர் போக வேண்டிய இடத்தில் அரை ஆம்பியர் போனால், பல்பு போய்விட்டது என்று ஓட்டுநருக்குச் சொல்வதற்காக ஃபிளாஷர் வேகமாகத் துடிக்கும். இதைச் சரிசெய்யத்தான் ரெசிஸ்டர், ரிலே, கேன்பஸ் பல்பு என்று மூன்று வழிகள்.

ரெசிஸ்டரை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். தங்க நிற அலுமினிய உறையில் விரல் நீளத்துக்கு வரும் 6 ஓம், 50 வாட் ரெசிஸ்டரை, குறைந்துபோன கரண்டை ஈடுகட்ட, ஒவ்வொரு பெரிய பல்புக்கும் இணையாகக் கொடுப்பார்கள். இஞ்சின் ஓடும்போது, எரிகிற கணத்தில் 30 வாட்டுக்கு மேல் அது சூடாகவே வெளியேறும். பாடித் தகட்டில் போல்ட் போட்டு இறுக்கினால் சூடு இறங்கும். நடப்பதோ வேறு. கேபிள் டை ஒன்றைப் போட்டு பம்பருக்கு உள்ளே தொங்கவிட்டுவிடுகிறார்கள். அப்படித் தொங்கவிட்ட ஒரு வண்டியில் பம்பரின் உட்பக்கப் பிளாஸ்டிக் இளகி ரெசிஸ்டரின் வடிவத்திலேயே குழி விழுந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். வேலை செய்யாமல் நிற்கும்போது அதைத் தொட்டால் ஒன்றும் தெரியாது, பத்து நிமிடம் ஹசார்ட் போட்டுவிட்டுத் தொட்டால் கை வெந்துபோகும். வயரைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றிய இடத்தில் அடுத்த மழைக்காலத்திலேயே பச்சை ஏறும். நமக்கோ வருஷத்துக்கு இரண்டு பருவமழை. இதற்கெல்லாம் மேலே, மிச்சமாக வேண்டிய கரண்டை ரெசிஸ்டர் குடித்துவிடுவதால் கணவாயில் சொன்ன ஹசார்ட் லாபமும் கையில் நிற்காது.

எல்.இ.டி. ஃபிளாஷர் ரிலே இதைவிட நூறு மடங்கு மேல், உங்கள் வண்டியில் தனி ஃபிளாஷர் இருந்தால். மாருதி 800, ஆம்னி, அம்பாசடர் மாதிரி பழைய வண்டிகளுக்கு இதுதான் என் தேர்வு. வயர் எதையும் வெட்ட வேண்டாம், சூடு இல்லை, கரண்ட் மிச்சம் உண்மையாகவே மிச்சம். கழற்றிய ரிலேயில் எத்தனை கால், எது பேட்டரி, எது லோடு, எது எர்த்து என்று பார்த்து அதே வரிசையில் உள்ளதை வாங்க வேண்டும். பழையது இரண்டு காலாக இருந்தால் புதியதற்கு எர்த்து வயர் ஒன்று தனியாக இழுக்க வேண்டிவரும். இந்த வழியில் ஒரு இழப்பும் உண்டு. பல்பு போனால் இனி வேகமாகத் துடித்து எச்சரிக்கை வராது. ஆகவே வாரத்துக்கு ஒருமுறை ஹசார்ட் போட்டு வண்டியைச் சுற்றி வந்து பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

கேன்பஸ் பல்பு என்று விற்பது, அந்த ரெசிஸ்டரையே பல்புக்குள் திணித்தது. மாட்டுவது சுலபம்தான். ஆனால் எல்.இ.டி.க்கு ஆகாதது சூடு, அந்தச் சூட்டை அதன் மடியிலேயே வைத்து, மூடிய லைட்டுக்குள் பூட்டுகிறோம். நீண்ட நாள் வரும் என்று நம்பி வாங்காதீர்கள்.

புது வண்டிக்காரர்கள் இந்த இடத்தில்தான் நிதானிக்க வேண்டும். இப்போது வரும் பெரும்பாலான கார்களில் தனி ஃபிளாஷரே கிடையாது. துடிப்பைப் பாடி கண்ட்ரோல் மாட்யூல் என்ற கம்ப்யூட்டர் பெட்டி பார்த்துக்கொள்கிறது, டிக் டிக் சத்தம்கூடப் பல வண்டிகளில் ஸ்பீக்கரிலிருந்து வருவதுதான். மாற்ற ரிலே இல்லை என்றால் மிஞ்சுவது ரெசிஸ்டரும் கேன்பஸும்தான். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா போன்ற சில வண்டிகளில் பல்பு சோதனையை மென்பொருள் வழியாக மாற்ற வழி உண்டு. மற்றவற்றில், குறிப்பாக வாரண்டியில் இருக்கும் வண்டியில், இழை பல்பையே வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். மேல் மாடலின் எல்.இ.டி. லைட்டை முழுசாக வாங்கிப் பொருத்துவது வெளிச்சத்தின் கோணத்துக்கு நல்ல வழிதான். ஆனால் கனெக்டர் பொருந்துமா, மாட்யூல் அதை ஏற்குமா என்று உறுதி செய்யாமல் அவ்வளவு பணம் போடக்கூடாது.

எதைப் போட்டாலும், கடைக்காரர் ஷட்டருக்குள் நிழலில் எரியவிட்டுக் காட்டுவதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். வண்டியை வெயிலுக்கு எடுத்து வாருங்கள். போனில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு 15 நொடிக்கு எத்தனை துடிப்பு என்று எண்ணுங்கள், 15க்கும் 30க்கும் இடையில் இருந்தால் சரி. அப்புறம் பின் கதவுக்குப் பக்கவாட்டில், பைக் வரும் இடத்தில் போய், ஹேண்டில் பிடிக்கிறவர் கண் உயரத்தில் நின்று பாருங்கள். அங்கிருந்து பார்க்கும்போது இழை பல்பைவிட மங்கலாகத் தெரிந்தால், அந்த எல்.இ.டி.யைக் கழற்றிக் கையோடு திருப்பிக் கொடுத்துவிட்டுப் பழையதையே மாட்டிக்கொண்டு வாருங்கள்.