6,500 ரூபாய்க்கு இரண்டு நாள் தலைமைப் பயிற்சி: போகலாமா?

மதுரை கே.கே. நகரில் ஒரு ஹோட்டல் மாடி ஹாலில் போன மாதம் நடந்தது. பெரிய ப்ராஜெக்ட்களை நடத்துகிறவர்களுக்கான தலைமைப் பயிற்சி, ஜிஎஸ்டி தனி. பாதிப் பணம் கம்பெனி கொடுத்தது, மீதி என் கைக்காசு. குறையும் சொல்லப்போவதால் நடத்திய நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. நான் குடிநீர்க் குழாய் பதிக்கும் ஒப்பந்ததாரரிடம் ப்ராஜெக்ட் மேனேஜர், சைட்டில் 22 வருடம்.

முதல் நாள் காலை முழுக்க வீண். தலைவன் சிங்கம் மாதிரி இருக்க வேண்டுமாம், ஸ்லைடில் சிங்கப் படம். பின்வரிசையில் பாதிப் பேர் போனில் டிப்பர் டிரைவருக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் சிட்னி ஓபரா ஹவுஸ் கதை வந்தது: 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலரில் 1963இல் முடிய வேண்டியது, 10 கோடியே 20 லட்சம் செலவாகி 1973இல் திறந்தது. நல்ல உதாரணம்தான். ஆனால் இங்கிருந்து மூன்று மணி நேரத்தில் பாம்பன் இருக்கிறதே! 1964 டிசம்பர் புயல் பாலத்தை அடித்துக்கொண்டு போனபோது ரயில்வே கொடுத்த கெடு 6 மாதம், மேலதிகாரி அதை 3 மாதமாகக் குறைத்தார். 32 வயது ரயில்வே இன்ஜினியர் ஸ்ரீதரன், கடலில் கிடந்த கர்டர்களை (பாலத்தின் இரும்பு உத்திரங்களை) தூக்கித் திரும்பப் பொருத்தி 46 நாளில் வேலையை முடித்தார். டீ நேரத்தில் பயிற்சியாளரிடம் இதைச் சொன்னேன். குறித்துக்கொண்டார்.

மதியம் ரேசி சார்ட். பக்கத்தில் இருந்தவர் அதை ராசிபலன் என்றே கடைசி வரை சொன்னார். ஒவ்வொரு வேலைக்கும் செய்வது யார், பதில் சொல்வது யார், யாரைக் கேட்பது, யாருக்குத் தெரிவிப்பது என்று கட்டம் போட வேண்டும். சாலை வெட்டும் அனுமதிக்கு, பதில் சொல்லும் கட்டத்தில் இரண்டு பேர் பெயர் எழுதியிருந்தேன். "அனுமதி வரவில்லை என்றால் யாருக்குப் போன் போடுவீர்கள் சார்?" என்றார் பயிற்சியாளர். எனக்கே தெரியவில்லை.

கொடுத்த காசு வந்து சேர்ந்தது இரண்டாம் நாள் மதியம்தான். 2007இல் கேரி க்ளைன் என்ற உளவியலாளர் எழுதிய முறையாம். ப்ராஜெக்ட் தொடங்கும்போதே, 'ஒரு வருடம் கழித்து இது படுதோல்வி' என்று வைத்துக்கொள்ள வேண்டும். ஏன் தோற்றது என்று ஆளாளுக்குத் தனியாகச் சீட்டில் எழுத வேண்டும். 'ஏதாவது பிரச்சினை வருமா?' என்று கேட்டால் எவனும் வாய் திறக்க மாட்டான். ஆனால் தோற்றாகிவிட்டது என்று வைத்துக்கொண்டு கேட்டால் எல்லோருக்கும் காரணம் தெரிந்திருக்கிறது.

எனக்குச் சுரீர் என்றது. இரண்டு வருடம் முன்பு வாடிப்பட்டிப் பக்கம் டிஐ என்ற இரும்பு பைப் பதித்து, தண்ணீர் நிரப்பி பிரஷர் டெஸ்ட் வைத்தால் கேஜ் முள் இறங்கிக்கொண்டே இருந்தது, எங்கோ கசிவு. ஒரு ஜாயிண்ட்டில் கசியாமல் அடைக்கும் ரப்பர் ரிங் பிதுங்கியிருக்கிறது. பதிக்கும்போதே சூப்பர்வைசருக்குத் தெரியும். அதற்கு முந்தின வார மீட்டிங்கில் தாமதம் சொன்ன ஒருவரை எல்லோர் முன்னும் நான் கத்தியிருந்தேன். அதனால் ரிப்போர்ட்டில் 'சரி' என்று எழுதிவிட்டு மண்ணைத் தள்ளி மூடிவிட்டார். மறுபடி தோண்டிச் சரிசெய்ய 11 நாள்.

அடுத்த திங்கட்கிழமை புது சைட்டில் மேஸ்திரி, ஜேசிபி ஆபரேட்டர், ஸ்டோர்கீப்பர் எல்லாம் சேர்த்து 14 பேருக்குச் சீட்டு கொடுத்தேன். ஒரு சீட்டில் 'ரப்பர் ரிங் எல்லாம் வெயிலில் கிடக்கு' என்று இருந்தது, போய்ப் பார்த்தால் உண்மை. இன்னொன்றில், சித்திரைத் திருவிழா சமயம் ஆளும் வராது, ரோட்டையும் வெட்ட விடமாட்டார்கள். சென்னையில் போட்ட ஷெட்யூலில் அந்த வாரம்தான் டவுனுக்குள் வேலை. மூன்று சீட்டில் 'மேனேஜர் சத்தம் போடுவார்'. ஒரு கையெழுத்து யாருடையது என்று தெரிந்தது. கேட்கவில்லை.

ஒரு மாதம் கழித்துப் போனில் கூப்பிட்டு ஆலோசனை சொல்வோம் என்றார்கள், இதுவரை யாரும் கூப்பிடவில்லை. மதிய சாப்பாடு பரவாயில்லை. கார் நிறுத்த இடம் கிடையாது, பஸ்ஸில் போங்கள். முதல் நாள் மதியத்திலிருந்து போனாலே போதும். ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம்.