எம்ஜிபிக்கு ஹெரிட்டேஜ் சான்றிதழ்: எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

இங்கிலாந்தின் கெய்டனில் இருக்கும் பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம், பழைய கார் தொழிற்சாலையிலிருந்து எப்படி வெளியே வந்தது என்று எழுதி வழங்கும் ஹெரிட்டேஜ் சான்றிதழுக்கு ஐந்தில் நான்கு நட்சத்திரம் தருகிறேன். கேட்ட காசுக்கு உருப்படியான காகிதம். ஆனால் "என் காரின் முதல் நம்பர் பிளேட் எது?" என்ற கேள்வியோடு போனால் பாதி வழியில்தான் இறக்கிவிடும். மீதி வழிக்கு வேறு ஆட்களைப் பார்க்க வேண்டும். என் கார் விஷயத்தில் நடந்ததை வைத்தே சொல்கிறேன்.

என்னிடம் இருப்பது 1963 எம்ஜிபி ரோட்ஸ்டர், எம்ஜி நிறுவனத்தின் திறந்த கார். வாங்கும்போது சிவப்பு நிறம், ரோஸ்டைல் என்ற எஃகு வீல், நம்பரில் எழுத்துகள் எஸ்யூ என்று முடியும். (எஸ்யூ என்றால் கார்புரேட்டர் அல்லவா என்று கேட்பவர்களுக்கு: அதுவும் இரண்டு இருக்கிறது.) எஸ்யூ என்பது ஸ்காட்லாந்தின் கின்கார்டின்ஷயருக்கு ஒதுக்கிய எழுத்து. அங்கே கார்கள் குறைவு என்பதால் நம்பர்கள் தீராமல் கிடந்தன. பழைய நம்பரை இழந்த அல்லது வெளிநாட்டிலிருந்து வந்த கார்களுக்கு, அதன் வயதுக்குப் பொருந்தும் நம்பராக இப்படிப்பட்டவற்றை எடுத்துக் கொடுக்கிறது பிரிட்டனின் வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏ. அதனால் பழைய கார் கூட்டங்களில் இந்த எழுத்தைப் பார்த்ததுமே, "வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்த வண்டியா?" என்று கேட்டுவிடுவார்கள். விற்றவருக்கும் தெரியவில்லை. ஸ்டியரிங் வலப்பக்கம் இருப்பதால் அமெரிக்கா இல்லை, ஆஸ்திரேலியாவாக இருக்கலாம் என்றார்.

முதலில் நான் காசு கொடுத்தது சான்றிதழுக்கு அல்ல. "முழு வரலாறு" என்று விளம்பரம் செய்யும் ஓர் இணையச் சேவைக்கு. பெயர் வேண்டாம், எல்லாம் ஒரே ரகம்தான். வந்த அறிக்கையில் நிறம், எஞ்சின் அளவு, எம்ஓடி (ஆண்டுத் தகுதிச் சோதனை) விவரம், கடன் பாக்கி இல்லை என்ற ஒரு வரி. எம்ஓடி வரலாறு 2005 முதல் அரசுத் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. அறுபது வயது காருக்குக் கடன் பாக்கி இல்லை என்று சொல்ல ஓர் அறிக்கை எதற்கு?

அந்தச் சேவையால் இதற்கு மேல் சொல்லவும் முடியாது. காரணம் எளிது. 1904 முதல் நம்பர் கொடுத்து வந்தது அந்தந்த ஊர், மாவட்ட கவுன்சில்கள். 1974இல் வேல்ஸின் சுவான்சீயில் கணினிமயமான மையம் (இன்றைய டிவிஎல்ஏ) வேலையைத் தொடங்கியது. அதன் பிறகு பழைய லாக்புக் (கவுன்சில் கொடுத்த பதிவுப் புத்தகம்) வைத்திருந்தவர்கள் தங்கள் வண்டியைச் சுவான்சீ பதிவுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும் என்றார்கள். கடைசிக் கெடு 1983 நவம்பர். அப்போது எங்கோ கொட்டகையில், நான்கு டயரும் இறங்கி, மேலே தார்பாய் மூடிக் கிடந்த வண்டிகள் கணினிக்குள் ஏறவே இல்லை. பிறகு யாராவது இழுத்து வந்து ஓட்ட நினைத்தால் பழைய நம்பர் தானாகக் கிடைக்காது. கணினியில் இல்லாததைக் கணினியைத் தேடும் சேவை எங்கிருந்து கொடுக்கும்?

சரி, சான்றிதழுக்கு வருவோம். சேசிஸ் எண்ணைக் கொடுத்தால் தொழிற்சாலைப் பதிவேட்டைப் பார்த்து எழுதித் தருகிறார்கள். என் காரின் எண் ஜிஎச்என்3 என்று தொடங்குகிறது. ஜி என்றால் எம்ஜி, எச் எஞ்சின் அளவின் வகை, 'என்' (N) என்றால் இரண்டு சீட் திறந்த கார். கூரை மூடிய ஜிடி மாடலாக இருந்தால் 'என்' (N) இருக்கும் இடத்தில் டி வரும். ஆஸ்திரேலியாவில் பாகங்களை இணைத்துத் தயாரித்த எம்ஜிபிகளுக்கு முன்னால் ஒய் சேர்ந்திருக்கும். என்னுடையதில் ஒய் இல்லை. பாதிச் சந்தேகம் அப்போதே தீர்ந்தது. மீதியைச் சான்றிதழ் தீர்த்தது. வலப்பக்க ஸ்டியரிங், உள்நாட்டுச் சந்தை, 1963 மே மாதம் எம்ஜி தொழிற்சாலை இருந்த ஆபிங்டனிலிருந்து இங்கிலாந்து டீலர் ஒருவருக்கு அனுப்பப்பட்டது. அதாவது கார் புதிதாகக் கடல் தாண்டிப் போகவில்லை. எங்கோ கொட்டகையில் தூங்கிக்கொண்டிருந்து 1983 கெடுவைத் தவறவிட்ட கூட்டத்தில் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டும்.

நிறத்துக்கு நேரே ஐரிஸ் ப்ளூ என்று இருந்தது. கதவின் உள் அட்டையைக் கழற்றிப் பார்த்தேன். சிவப்பு அடித்தவர்கள் அட்டையை எடுக்கச் சோம்பல்பட்டு அதன் விளிம்பு வரைக்கும் மட்டும் அடித்திருக்கிறார்கள். அதற்குள்ளே வெளிர் நீலம், வெயிலே படாமல், நேற்று அடித்தது மாதிரி. கூடுதல் பொருத்தங்கள் என்ற இடத்தில் ஹீட்டர், வயர் வீல். ஆம், அந்தக் காலத்தில் எம்ஜிபிக்கு ஹீட்டரே தனிக்காசு! ரோஸ்டைல் வீல் பிற்பாடு வந்த சமாச்சாரம் என்பதும் உறுதியானது. எஞ்சின் எண் மட்டும் பொருந்தவில்லை. சான்றிதழில் 18ஜி, பானட்டுக்குள் 18ஜிபி. 1964 கடைசியில்தான் கிராங்க்ஷாஃப்டை ஐந்து பேரிங் தாங்கும் 18ஜிபி எஞ்சின் வந்தது; ஆகவே யாரோ நடுவில் மாற்றியிருக்கிறார்கள். எனக்கு வருத்தமில்லை. முதலில் வந்த மூன்று பேரிங் எஞ்சினைவிட இது கெட்டியானது.

எம்ஜிபி டாங்கை ஒருமுறை நிரப்பும் செலவுக்கு ஏறக்குறைய இவ்வளவு விவரம் என்றால் நியாயமான விலை. ஆனால் நம்பர் பிளேட்? அது இல்லை. தொழிற்சாலைக்கு அது தெரியவே தெரியாது என்பதுதான் விஷயம். காரை டீலருக்கு அனுப்புவதோடு அவர்கள் வேலை முடிந்தது. அதை உள்ளூர் கவுன்சிலில் பதிந்து நம்பர் வாங்கியது டீலரோ, வாங்கியவரோ. தொழிற்சாலையே தன் பெயரில் பதிந்த கார்கள் வேறு கதை. 1964இல் மான்டி கார்லோ ராலியை வென்ற மினி 33 இஜேபி. ஜேபி பெர்க்ஷயரின் எழுத்து, மினி, எம்ஜி இரண்டையும் தயாரித்த பிஎம்சியின் போட்டிப் பிரிவு இருந்த ஆபிங்டன் அப்போது பெர்க்ஷயரில் இருந்தது. ஜெனிவா மோட்டார் கண்காட்சிக்கு ராத்திரியோடு ராத்திரியாக ஓட்டிப்போன ஜாகுவார் இ-டைப் 77 ஆர்டபிள்யூ. அது ஜாகுவார் தொழிற்சாலை இருந்த கவென்ட்ரியின் எழுத்து. நம் மாதிரி ஆட்களின் கார்களுக்கு இப்படி எந்த நூலும் பிடிகொடுக்காது.

ஆனாலும் சான்றிதழ் இல்லாமல் அடுத்த கட்டத்துக்குப் போயிருக்க முடியாது. டீலர் இருந்த இடம் எந்த மாவட்டம் என்று காட்டியது. அனுப்பிய மாதம் எந்தப் பக்கங்களைப் புரட்டுவது என்று காட்டியது. கவுன்சில் பதிவேடுகள் நம்பர் வரிசையில் இருக்கும், சேசிஸ் வரிசையில் அல்ல. தேதி தெரியாவிட்டால் ஆயிரக்கணக்கான வரிகளைப் படிக்க வேண்டும். சுவான்சீக்கு மாறியபோது இந்தப் பதிவேடுகளில் பல குப்பைக்குப் போயின, சில மாவட்ட ஆவணக் காப்பகங்களுக்குப் போயின. டிராய்ட்விச்சில் இருந்த கிட்ஹெட் டிரஸ்ட் என்ற ஆவணக் காப்பகமும் நிறையக் காப்பாற்றி வைத்தது. எந்த மாவட்டத்துடையது எங்கே இருக்கிறது என்பது முழுக்க அதிர்ஷ்டம். எனக்கு அதிர்ஷ்டம் இருந்தது. காப்பகத்துப் பெண்மணி 1963 ஜூன் பக்கம் ஒன்றின் படத்தை அனுப்பினார். நீல மையில் சாய்ந்த கையெழுத்து: நம்பர், தேதி, எம்ஜி, நீலம், தனிநபர் உபயோகம், அப்புறம் ஓரத்தில் நெருக்கி எழுதிய சேசிஸ் எண். என் காரின் தகட்டில் உள்ள அதே எண். சேசிஸ் எண் எழுதாத பதிவேடுகளும் உண்டு. அப்படிக் கிடைத்தால் அது வெறும் நீல எம்ஜி ஒன்றின் நினைவுதான், ஆதாரம் ஆகாது.

பழைய நம்பரைத் திரும்பப் பெற வி765 என்ற படிவம். டிவிஎல்ஏவில் ஏறவே இல்லாத காருக்கும், என்னுடையது போல வயதுக்கேற்ற நம்பரில் ஓடும் காருக்கும் இது பொருந்தும். நேராக அனுப்ப முடியாது. அங்கீகாரம் பெற்ற கார் கிளப் ஒன்று ஆதாரத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இங்கே ஹெரிட்டேஜ் சான்றிதழ் மட்டும் போதாது, அதில் நம்பரே இல்லையே. பழைய லாக்புக், அல்லது காப்பகம் முத்திரையிட்டுத் தரும் பதிவேட்டு நகல் வேண்டும். நம்பர் தெரியும்படி எடுத்த குடும்பப் போட்டோ மட்டும் இருந்தால் கிளப்காரர் ரசித்துப் பார்ப்பார், கையெழுத்துப் போட மாட்டார். இன்னொன்று: இப்படித் திரும்பி வரும் நம்பரை வேறு காருக்கு மாற்றவோ விற்கவோ முடியாது. சின்ன நம்பருக்குச் சந்தையில் நல்ல விலை உண்டு என்பதால் இந்தக் கட்டுப்பாடு. எனக்குச் சரியாகவே படுகிறது. நம்பருக்கு ஆசைப்பட்டுத் துருப்பிடித்த வெறும் கூட்டைத் தேடிப் போகும் கூட்டம் கொஞ்சம் குறையும். என் விண்ணப்பம் இன்னும் சுவான்சீயில் இருப்பதால்தான் மாவட்டத்தையும் நம்பரையும் இங்கே எழுதவில்லை.

யார் வாங்கலாம்? எம்ஜி, ட்ரையம்ப், ஆஸ்டின்-ஹீலி வைத்திருப்பவர்கள் கெய்டனுக்கு எழுதலாம். ஜாகுவார், டெய்ம்லர் என்றால் ஜாகுவார் டெய்ம்லர் ஹெரிட்டேஜ் டிரஸ்ட். வாங்கப் போகிற கார் ட்ரையம்ப் டிஆர்6 என்றால், காசு கைமாறும் முன்பே சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். உள்நாட்டுக்கான இன்ஜெக்ஷன் கார்களின் எண் சிபியில் (பிந்தைய கார்களில் சிஆரில்) தொடங்கும், அமெரிக்காவுக்குப் போன கார்புரேட்டர் கார்கள் சிசி (பிந்தையவை சிஎஃப்). சிசி காரை வாங்கி ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் மாற்றி விற்பவர்கள் இருக்கிறார்கள். அதைச் சொல்லி விற்றால் தவறில்லை, மறைத்து விற்றால் விலையில் பெரிய வித்தியாசம். தகட்டைப் புதிதாக அடித்துவிடலாம். தொழிற்சாலைப் பதிவேட்டில் கை வைக்க முடியாது.